சேதுபதி சீமையில் ஒரு தத்து வழக்கு

தத்து என்றதும் மழலையில்லா வீட்டின் குறையே நம் நினைவுக்கு வருகிறது. பண்டைச் சட்டங்களோ, குலம் தொடரவேண்டும், சொத்துக்கும் பிதிர்க்கடனுக்கும் உரியவன் ஒருவன் வேண்டும் என்பவற்றையே பெரிதாகக் கருதின. ஆதலின், ‘தத்தெடுக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டா?’ என்ற வினா எங்கும் எழுந்தது.

உரோமர் சட்டம் முதலில் ‘இல்லை’ என்றே கூறிற்று. மக்கள்மீது தந்தைக்குள்ள அதிகாரத்தை அடிப்படையாகக் கொண்டதே அங்குத் தத்து. அவ்வதிகாரம் தாய்க்குக் கிடையாது. பெற்ற மக்களைப் பறிகொடுத்தவள் மட்டும், பேரரசரின் அருளால், ஆறுதலாக ஒரு பிள்ளையை ஏற்கலாம் என்று பின்னர் விதி தளர்ந்தது. 6-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற ஜஸ்டினியன் சட்டநூலில் இதனைக் காணலாம்.

இனி, நம் நாட்டைப் பார்ப்போம். கணவன் இசைவின்றி மனைவி மகனைக் கொடுத்தலும் ஏற்றலும் ஆகா என்பது வசிட்டர் வகுத்த விதி. கணவன் இறந்துவிட்டால் என் செய்வது? இங்கேதான் ஒரே விதி நான்கு பொருள் கொண்டது. தத்தெடுக்கும் வேளையிலேயே கணவன் இசைவு வேண்டும். ஆகவே கைம்பெண்ணால் இயலாது என்றனர் மிதிலையார். அவன் உயிரோடிருந்தபோது தந்த அனுமதி போதும் என்றனர் வங்கத்தார். அனுமதியே வேண்டா என்றனர் மராட்டியர். கணவனுடைய பங்காளிகள் இசைந்தால் போதும் என்றனர் தென்னாட்டார்.

வங்கத்தார் நீங்கலாக மற்ற மூவரும் தலைமேற்கொண்ட நூல் மிதாட்சரம். அதனை விஞ்ஞானேசுவரர் இயற்றியது, 1956 வரை நம் ஐதராபாத் இராச்சியத்தில் இருந்த கலியாணி நகரில் என்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது.

தென்னாட்டார் கொள்கை சோதனைக்குள்ளான இடம் இராமநாதபுரம். ஜமீன்தார் இராமசாமி சேதுபதி 1830-இல் ஆண் வாரிசின்றி இறந்தார். அவர் மனைவி இராணி பர்வதவர்த்தினி, 1847-இல் முத்துராமலிங்கரைத் தத்தெடுத்தார். கணவன் அனுமதி இல்லையாதலின் தத்து செல்லாது. எனவே, ஜமீன் சர்க்காரையே சேரும் என்று வாதிட்டார் மதுரைக் கலெக்டர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தைக் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது.

1868-இல் தீர்ப்பு வந்தது. பங்காளிகளின் இசைவோடு செய்த தத்து செல்லும். ஐயமற மெய்ப்பிக்கப்பட்ட வழக்கம் ஏட்டிலுள்ள விதியினும் வலிது என்று நீதிபதிகள் முடிவு கூறினர். ஜமீன் பிழைத்தது. 1897-இல் சுவாமி விவேகானந்தரைப் பாம்பனில் வரவேற்ற பாஸ்கர சேதுபதி, அந்தத் தத்துப் பிள்ளையின் மைந்தரே.

ஆயினும், இத்தீர்ப்பால் பெண் முழு உரிமை பெற்றுவிட்டாள் என்று கருதலாகாது. கணவன் கையிலிருந்த திறவுகோல் பங்காளிகள் கைக்கு மாறிற்று, அவ்வளவே. 1956-ஆம் ஆண்டு இந்து தத்துச் சட்டமே, கைம்பெண்ணும் மணமாகாதவளும் எவர் இசைவுமின்றித் தமக்கெனத் தத்தெடுக்க வழிசெய்தது. கணவனோடு வாழும் மனைவிக்கு அப்போதும் அவ்வுரிமை கிட்டவில்லை. 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னரே, மனைவியின் இசைவோடு கணவன் தத்தெடுப்பதுபோல, கணவன் இசைவோடு மனைவியும் தத்தெடுக்கலாயிற்று.

இராணி தத்தெடுத்தது 1847-இல். மனைவிக்கு இவ்வுரிமை வந்தது 2010-இல். இடைப்பட்டவை 163 ஆண்டுகள். சட்டம் பயில்வோர் தீர்ப்புகளோடு இந்தக் கணக்கையும் மனத்திற்கொள்ளுதல் நன்று.