தன்பெயர் விளித்தலும் நெஞ்சொடு கிளத்தலும்: கட்டுல்லஸ், கபிலர் கவிதைகள் – ஓர் ஒப்பீடு

முன்னுரை

காதலில் துயருற்றோர் தம்மைத் தாமே தேற்றும் கூற்று பல மொழிக் கவிதைகளிலும் உண்டு. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த இலத்தீன் கவிஞர் கட்டுல்லஸின் எட்டாம் கவிதை அதற்குப் பெயர்பெற்ற சான்று. தமிழ் அகமரபில் இக்கூற்று நெஞ்சொடு கிளத்தலாக அமைகிறது. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது எளிது. ஆயினும் விளிக்கப்படுவது எது என்பதைப் பொறுத்துத் தேற்றத்தின் போக்கும் மாறுகிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

தன்பெயர் விளித்தல்

கட்டுல்லஸ் தம் பெயரையே சொல்லித் தம்மை விளிக்கிறார். இழந்ததை இழந்ததாகவே கொள்ளுமாறும் உறுதியோடிருக்குமாறும் தமக்கே ஆணையிடுகிறார். பின்னர் அவளிடம் விடைபெறுகிறார். ஆனால் உடனே, இனி அவளை நாடிவருவோர் யார், அவள் யாரை முத்தமிடுவாள் எனக் கேள்விகள் அடுக்குகிறார். மறப்பதற்கு எழுந்த பேச்சே நினைவைக் கிளறிவிடுகிறது. ஆணையிடுபவரும் அதனை மீறுபவரும் ஒரே பெயருக்குரியவர். எனவே மீண்டும் தம் பெயரை விளித்து உறுதி கூறியே அவரால் கவிதையை முடிக்க முடிகிறது.

நெஞ்சொடு கிளத்தல்

அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படுவதில்லை. ஆதலின் தன்பெயர் விளிக்கு அங்கு இடமில்லை. அவ்விடத்தை நெஞ்சு பெறுகிறது. உறுப்புகள் பெற்றதாகவும், உணரவல்லதாகவும், எதிர்மொழி கூறுவதாகவும் நெஞ்சைப் படைத்துப் பேசலாம் என்பது தொல்காப்பியப் பொருளியல் தரும் இசைவு. குறுந்தொகை 29-இல், இரவுக்குறி மறுக்கப்பட்ட தலைவன் தன் நெஞ்சைக் கடிந்துகொள்கிறான். கிட்டாததை அவாவும் நெஞ்சுக்கு, மழைநீரைத் தாங்கமாட்டாத சுடாத மண்கலத்தை ஒளவையார் உவமையாக்குகிறார். இங்கு நெஞ்சு முன்னிலையில் வைத்துக் கடியப்படுகிறது.

முள்ளூர்ப் பாடல்

கபிலரின் குறுந்தொகை 312 வேறொரு நிலையைக் காட்டுகிறது. திருக்கோவலூரை இருக்கையாகக் கொண்ட மலையமானின் முள்ளூர்க் காடு இப்பாடலில் இடம்பெறுகிறது. திருக்கோவலூர் 2019-இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்குவது. நள்ளிரவில் அக்காடு போல மணம் கமழ வந்து தன்னை ஒத்தவளாய் இருந்த தலைவி, விடியலில் மலர்களை உதிர்த்து, கூந்தலில் நெய் பூசி, முகம் வேறாகித் தன் சுற்றத்தாரை ஒத்தவளாகிவிடுகிறாள். இரண்டு இயல்பும் அறிந்த கள்வி என்று தலைவன் நெஞ்சிடம் முறையிடுகிறான்.

இப்பாடலில் இயற்பெயர் பெறுவோர் மலையனும் அவனது முள்ளூரும் மட்டுமே. கள்வி எனப் பழிக்கப்பட்டவளே 'நம்' காதலி என்றும் சுட்டப்படுகிறாள். கேட்பவரையும் உளப்படுத்தும் இத்தன்மைப் பன்மையால் நெஞ்சும் தலைவனோடு ஒருபுறம் நிற்கிறது. பழிச்சொல் உரிமைச்சொல்லாக மாறுகிறது. இலத்தீன் கவிதையிலும் ஓரிடத்தில் தன்மைப் பன்மை வருகிறது. ஆயின் இலத்தீனில் அது ஒருவரையே சுட்டவும் வழங்கும், உளப்பாட்டு வேறுபாடும் அம்மொழியில் இல்லை. இப்பாடலை வரைவு வேட்கையொடு நெஞ்சிற்குக் கூறியதாகத் துறைக்குறிப்பு கொள்வதும் நோக்கத்தக்கது. பிரிவை ஏற்கச் செய்வதன்று இத்தேற்றம். மணத்தை நோக்கித் திருப்புவது.

முடிவுரை

தன்பெயரை விளிப்பவருக்குத் தம்மினின்று விலகி நிற்க இடமில்லை. நெஞ்சோ கடிந்துகொள்ளும் அளவுக்கு வேறானது. 'நாம்' என்பதில் அடங்கும் அளவுக்கு உடனானது. எனவே நெஞ்சொடு கிளத்தலை வெறும் மரபுத்தொடர் என ஒதுக்காது, முன்னிலை ஒருமையும் உளப்பாட்டுத் தன்மைப் பன்மையும் பாடல்தோறும் எங்கெங்கு வருகின்றன என ஆராய்தல் வேண்டும். தேற்றம் துறத்தலை நோக்கியதா, சேர்தலை நோக்கியதா என்பதை அவ்வேறுபாடு காட்டக்கூடும்.