பக்கத்து வீட்டு மாத்திரை

டயாலிசிஸ் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தால் ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை. "எங்க அப்பாவுக்கும் துடிப்பு தாறுமாறாத்தான் இருந்துச்சு. தினம் ஒரு ஆஸ்பிரின், அவ்வளவுதான்" என்பார் ஒருவர். கேட்டுக்கொண்டிருந்த மகன் வீட்டுக்குப் போய் அதையே வற்புறுத்துவார். பெரியவரும் மறுக்காமல் விழுங்குவார்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இந்தத் தாறுமாறான துடிப்பில், இதயத்தின் இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஆபத்து ஏறக்குறைய 5 மடங்கு. சிறுநீரகமும் பழுதானவருக்கு ரத்தம் உறைவதும் எளிது, கசிவதும் எளிது.

ஆஸ்பிரின் மாரடைப்பு வந்தவருக்கும் ஸ்டென்ட் வைத்தவருக்கும் நண்பன். அது தட்டணுக்களைத்தான் அடக்கும்; தேங்கிய ரத்தம் உறைவதைத் தடுக்க அது போதாது. வார்ஃபரின் என்ற ரத்த உறைவுத்தடுப்பு மருந்து ஒத்துவராத 5,599 பேரிடம் நடந்த அவெரோஸ் ஆய்வு 2011இல் வெளியானது. பக்கவாதமோ வேறு உறுப்பில் அடைப்போ ஆஸ்பிரின் எடுத்தவர்களில் ஆண்டுக்கு 3.7 சதவீதம், அபிக்சபன் என்ற புதிய உறைவுத்தடுப்பு மாத்திரை எடுத்தவர்களில் 1.6. பெரிய ரத்தக்கசிவில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. 'லேசான மாத்திரை, பாதுகாப்பானது' என்ற நம்பிக்கை அங்கேயே உடைந்தது.

வார்ஃபரின் பழையது, மலிவானது. ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் எண் 2க்கும் 3க்கும் இடையில் நிற்கவேண்டும். ஒரு வாரம் முருங்கைக்கீரை கூடினாலே எண் சரியும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படியும் கவலையும் உண்டு. ஆனால் வாதக்காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவருக்கும் உலோக வால்வு வைத்தவருக்கும் இந்த வகை மருந்துதான்.

புதிய மாத்திரைகளில் டாபிகட்ரான் சுமார் 80 சதவீதம் சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. அபிக்சபன் 27 சதவீதம்தான். ஐஎன்ஆர் சீட்டோடு லேப் வாசலில் காத்துக்கிடந்த குடும்பங்களுக்கு அபிக்சபன் தரும் நிம்மதி தெரியும். அதன் வழக்கமான அளவு 5 மி.கி., தினம் இருவேளை. வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல் ஆகிய மூன்றில் இரண்டு பொருந்தினால் அளவு பாதி. டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை. அங்கே மருத்துவருக்கு மருத்துவர் முடிவு மாறும். ரத்தக்கசிவு தொடர்ந்தால், இதயத்தை ஒட்டிய அந்தச் சிறு பையையே அடைக்கும் கருவியும் இருக்கிறது.

அடுத்தவர் உடம்புக்கு ஒத்தது நம் உடம்புக்கும் ஒத்துவரவேண்டும் என்பதில்லை. கிரியாட்டினின் ஏறும், எடை இறங்கும், மருந்தளவும் மாறும். நிதானம் வேண்டும். எதையும் தானாக நிறுத்தவும் கூடாது. அடுத்தமுறை போகும்போது, வலிநிவாரணி உட்பட எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரின் மேசைமேல் கொட்டிக் காட்டுங்கள்.