டேங்க் நிறைந்தும் அணையாத பெட்ரோல் விளக்கு

கேள்வி: பெட்ரோல் அளவைக் காட்டும் முள் இல்லாமல், அளவு குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு மட்டுமே உள்ள பழைய மோட்டார் சைக்கிளில், டேங்க் நிறைந்திருக்கும்போதும் அந்த விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருக்கிறது. சென்சாரைப் புதிதாக மாற்றிய பின்னும் குறை தீரவில்லை. மீட்டரில் இருந்த பல்புகள் அனைத்தும் அண்மையில் எல்இடிக்கு மாற்றப்பட்டன. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: தொடர்பு உண்டு, பெரும்பாலும் குறை பிறந்த இடமே அதுதான். சென்சார் சொல்வதைக் காட்டுவது மட்டுமே விளக்கின் வேலை என்ற எண்ணம் பரவலாக இருப்பதால், விளக்கு தவறாக எரிந்தால் சென்சாரைக் கழற்றி மாற்றுவதே பல பட்டறைகளில் முதல் வேலையாகிவிடுகிறது. ஆனால் இவ்வகை வண்டிகளில் பல்பும் சென்சாரும் ஒரே மின்சுற்றில் அடுத்தடுத்து இணைக்கப்பட்டு, ஒன்றின் தன்மையை நம்பியே மற்றது இயங்கும்படி அமைக்கப்பட்டவை.

இத்தகைய சென்சாருக்குள் இருப்பது தெர்மிஸ்டர், அதாவது சூடேற ஏற மின்தடை குறையும் இயல்புடைய ஒரு சிறு மணி. சாவியைத் திருப்பியதும் பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் முதலில் பல்பு வழியாகவும், பிறகு டேங்கின் அடிப்பகுதிக்கு அருகே உள்ள தெர்மிஸ்டர் வழியாகவும் பாய்ந்து எர்த்தை அடைகிறது. பாயும் சிறு மின்னோட்டம் தெர்மிஸ்டரைச் சூடாக்க முயன்றாலும், அது பெட்ரோலில் மூழ்கியிருக்கும் வரை அந்த வெப்பத்தைப் பெட்ரோலே வாங்கிக்கொள்வதால், மின்தடை உயர்ந்தே நின்று, பல்பின் இழை ஒளிரும் அளவுக்கு மின்னோட்டம் கிடைப்பதில்லை. மட்டம் இறங்கித் தெர்மிஸ்டர் வெளிப்பட்டதும் வெப்பத்தை வாங்க ஆளில்லாமல் அது சூடேறுகிறது. சூட்டால் மின்தடை குறைய, அதனால் மின்னோட்டம் பெருக, அது மேலும் சூடேற, சிறிது நேரத்தில் பல்பு முழு ஒளி பெறுகிறது. சாவி போட்ட உடனே எரியாமல் ஓரிரு நிமிடம் தயங்கி எரிவதும், மேடு ஏறும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் பெட்ரோல் ஒருபுறம் ஒதுங்குவதால் எரிந்து அணைவதும் ஆகவே பழுதல்ல.

இனி எல்இடிக்கு வரலாம். 12 வோல்ட், 3.4 வாட் பல்பு முழுமையாக எரிய ஏறத்தாழ 280 மில்லிஆம்பியர் மின்னோட்டம் தேவைப்படும். எல்இடிக்கோ 10 முதல் 20 மில்லிஆம்பியரே தாராளம், அதில் பாதி கிடைத்தாலும் அது மங்கலாக ஒளிரும். பெட்ரோலில் மூழ்கிய தெர்மிஸ்டர் விடும் சொற்ப மின்னோட்டம், இழைப் பல்பைத் தூண்டாவிட்டாலும் எல்இடியைத் தூண்டப் போதுமாகிவிடுவதே நிறைந்த டேங்கிலும் விளக்கு எரியக் காரணம். டேங்க் காலியாகும்போது இதற்கு நேர்மாறான கோளாறு நிகழ்கிறது: எல்இடி தன் வழியே போதிய மின்னோட்டத்தை விடாததால் தெர்மிஸ்டர் சூடேறவே முடியாமல், விளக்கு பிரகாசமாகாமல் அதே மங்கலில் நின்றுவிடுகிறது. பார்ப்பதற்கு விளக்கு எரிகிறது என்றாலும், எச்சரிக்கை என்ற வேலை அங்கே நடப்பதில்லை.

தீர்வு எளிது. அந்த ஓர் இடத்தில் மட்டும் பழைய அளவிலேயே இழைப் பல்பைத் திரும்பப் பொருத்துவது முதல் வழி. உள்ளதில் சிறந்ததும் அதுவே. எல்இடிதான் வேண்டும் என்றால், அதற்குப் பக்க இணைப்பாக, அதாவது அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே, 47 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இணைத்தால், பல்பு விட்டுவந்த மின்னோட்டத்தை அது விட்டு, தெர்மிஸ்டரைப் பழையபடி சூடேறச் செய்யும். விளக்கு எரியும் நேரத்தில் ரெசிஸ்டர் 3 வாட் அளவுக்கு வெப்பத்தை வெளியிடக்கூடுமாதலால், மீட்டரின் பிளாஸ்டிக் உறையை ஒட்டி வைக்காமல், காற்றுப்படும் உலோகப் பகுதியில் பொருத்த வேண்டும்.

பல்பை மாற்றியும் குறை நீடித்தால், டேங்கின் அடியில் உள்ள சென்சாரின் கனெக்டரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரித்ததும் விளக்கு அணைந்தால் பழுது சென்சாரின் பக்கம். அணையாவிட்டால், விளக்கிலிருந்து வரும் ஒயர் எங்கோ உரசித் தோல் நீங்கிச் சட்டத்தைத் தொட்டு எர்த் ஆகியிருக்கிறது. டேங்க்கைக் கழற்றி மாட்டும்போது ஒயர் நசுங்குவது அடிக்கடி நிகழ்வதால், டேங்க் சட்டத்தில் அமரும் இடத்தை முதலில் பார்ப்பது நேரத்தை மிச்சமாக்கும். விளக்கு எரியவே எரியாது என்ற குறைக்கு, கனெக்டரில் விளக்குப் பக்கத்து இரு முனைகளையும் சிறு ஒயரால் இணைத்துப் பார்க்கலாம்: எரிந்தால் பல்பும் ஒயரும் நலம், சென்சாரோ அதன் தொடுமுனையோ பழுது. சென்சாரை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், பெட்ரோலை முழுதும் வடித்து, சென்சாரை உலரத் துடைத்து, டேங்கிலிருந்து தள்ளிவந்து மல்டிமீட்டரில் சோதிப்பது முறை. வெந்நீரில் இறக்கியதும் மின்தடை சரியாமல் அசையாது நின்றால் அது செத்த சென்சார். திரும்ப மாட்டும்போது ஓரிங்கைப் புதிதாகப் போடாமல் விடுவது பெட்ரோல் கசிவை விலைக்கு வாங்குவதாகும்.

மிதவை வகை சென்சாரும், டிஜிட்டல் மீட்டரும் உள்ள வண்டிகளுக்கு மேற்கண்ட சோதனைகள் பொருந்தா. அங்கே மிதவையின் கை ஒரு மின்தடைப் பட்டையின் மேல் நகர்வதை மீட்டரே அளந்து விளக்கை ஏற்றுவதால், மிதவையைக் கையால் மெல்ல உயர்த்தும்போது மின்தடை துள்ளாமல் சீராக மாறுகிறதா என்று பார்ப்பதே சோதனை. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை எளிதில் ஈர்ப்பதால், நெடுநாள் ஓட்டாமல் நிறுத்திய வண்டிகளில் அப்பட்டையில் களிம்பு பிடிக்க வாய்ப்புண்டு.

கேள்வி: விளக்கு எரிந்த பின் எவ்வளவு தூரம் நம்பிப் போகலாம்?

பதில்: வண்டியின் கையேட்டில் குறிக்கப்பட்டுள்ள எஞ்சிய பெட்ரோல் அளவை மைலேஜால் பெருக்கினால் ஒரு கணக்குக் கிடைக்கும், 2 லிட்டருக்கு, லிட்டருக்கு 35 கிலோமீட்டர் வீதம் 70 கிலோமீட்டர். ஆனால் சட்டத்தின் இருபுறமும் சரிந்து தொங்கும் டேங்கில் மறுபுறக் குழியில் தங்கும் பெட்ரோல் எஞ்சினுக்கு எட்டாமல் போகலாம் என்பதால், அதில் பாதியையே நம்புவது நல்லது. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் தீர்ந்தால் தள்ளிச் செல்லும் சிரமத்தோடு போய்விடும். எரிபொருளை ஊசிமுனை வழியே பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வண்டியிலோ ரிசர்வ் குழாயும் இல்லை, டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பதும் பெட்ரோலே. அடிக்கடி வற்றவிட்டு ஓட்டினால் பம்பை மாற்றும் செலவு வந்து சேரும்.