பயிற்சிக்குப் பின் இருமும் குதிரை

கேள்வி: என் அண்ணன் சுங்கை பீசி பந்தயத்திடல் லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறார். தினமும் ஓடும் குதிரைக்கு எதிர்ப்புச் சக்தி கூடத்தானே வேண்டும்? பிறகு ஏன் அடிக்கடி இருமுகிறது?
– வாசகி, கிள்ளான்

பதில்: அளவான பயிற்சி உடம்புக்கு நல்லதுதான், அம்மா. களைத்து விழும் அளவுக்கு ஓடவிட்டால் கதை மாறுகிறது. அதன்பின் நுரையீரலில் கிருமியையும் தூசியையும் விழுங்கும் காவல் செல்கள் சற்றுக் காலம் தளர்ந்துவிடுகின்றன. தொற்று நுழைய அந்த இடைவெளி போதும்.

குதிரையால் வாயால் மூச்சுவிட முடியாது; எல்லாம் மூக்கு வழியேதான். ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 60, 80 லிட்டர் காற்று இழுக்கும் அது, முழு வேகத்தில் 1,500 லிட்டருக்கு மேல் இழுக்கும். 2015 செப்டம்பர், அக்டோபரில் கிள்ளான் பள்ளத்தாக்கே புகைமூட்டத்தில் தவித்ததே, அத்தகைய நாள்களில் குதிரையை ஓட்டவே கூடாது. மெதுவாக நடத்தினால் போதும்.

லாயத்துக்குள்ளும் ஆபத்து உண்டு. காய்ந்த புல்லை உதறும்போது எழும் பூஞ்சைத் தூசிதான் பல குதிரைகளின் இருமலுக்குக் காரணம். புல்லை நனைத்து, தரையில் வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். தலை தாழ்ந்தால் சளி தானாக வடியும். லாரியில் தலையைத் தூக்கிக் கட்டி நெடுந்தூரம் கொண்டுபோன குதிரைக்கு நிமோனியா வருவது சளி இப்படி வடிவது தடைபடுவதால்தான்.

காய்ச்சல் 38.5 பாகையைத் தாண்டினாலோ, ஓடியபின் மூக்கில் ரத்தம் தெரிந்தாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.