பண்ணின் உடம்பும் உயிரும்

திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கல் மலைமேற் கோயில்கொண்டருளிய முத்தியாசல நாதர் திருவடிகளை வணங்கி, இம்மலையைச் சூழ்ந்த நாட்டுப் பதிகங்கள் சிலவற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பண் என்பது யாது என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றாம். திருமுறை ஓதப் பயிலும் இளைஞர் சிலர், ஆரோகண அவரோகணங்களை நெட்டுருச் செய்தமையானே பண் கைவந்ததெனக் கருதுகின்றனர். அக்கருத்து ஓதுமுறைக்கே ஊறு செய்வதாகலின், இவ்வாராய்ச்சி வேண்டற்பாலதாயிற்று.

1. நரம்பும் நிலையும்

குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழும் பழந்தமிழர் கண்ட இசை நரம்புகள். இவை இக்காலத்துச் சட்சம் முதல் நிடாதம் ஈறாகிய ஏழு சுரங்களுக்கு ஒப்பாகக் கூறப்படும். ஏழும் நிரம்பியது பண் என்றும், ஆறுடையது பண்ணியற்றிறம் என்றும், ஐந்துடையது திறம் என்றும், நான்குடையது திறத்திறம் என்றும் முன்னோர் வகுத்தனர்.

ஆயின், எண்ணிக்கை மாத்திரையானே பண் வேறுபடுமோ எனின், படாது. எந்நரம்பு ஆதாரமாக நிற்கின்றது என்பதே முதற்கண் அறியத்தக்கது. அரிகாம்போதியின் ஏழு சுரங்களையும் மாற்றாது வைத்துக்கொண்டு, அதன் ரிடபத்தைச் சட்சமாகக் கொள்ளின் நடபைரவி தோன்றும். மத்திமத்தைக் கொள்ளின் சங்கராபரணம். பஞ்சமத்தைக் கொள்ளின் கரகரப்பிரியை. தைவதத்தைக் கொள்ளின் தோடி. நிடாதத்தைக் கொள்ளின் கல்யாணி. ஊர் ஒன்றேயாயினும், புகும் வாயில் வேறுபடத் தெருக்களின் கிடக்கை வேறாகத் தோன்றுமாறு போல்வது இது. தம்பூரின் சுருதி இடையறாது ஒலித்தல் வேண்டுமென்பது இதுபற்றியே என்க.

2. நடையும் அசைவும்

அற்றேல், ஆதாரமும் நிரலும் ஒன்றாயின் இராகமும் ஒன்றேயாதல் வேண்டுமன்றோ எனின், அன்று. ஆரபியையும் தேவகாந்தாரியையும் நோக்குக. இரண்டும் சங்கராபரணத்திற் பிறந்தன. ஏறுங்கால் இரண்டும் காந்தார நிடாதங்களை விலக்கி ச ரி ம ப த ச என ஏறும். இறங்குங்கால் ஏழும் நிரம்பி இறங்கும். ஏட்டில் எழுதின் இரண்டிற்கும் வேற்றுமை காணல் அரிது. பாடக் கேட்பின் சிறு பிள்ளையும் வேறெனக் கூறும். ஆரபி விரைந்து, அசைவு குறைந்து, வீறுடன் நடப்பது. தேவகாந்தாரியோ தாழ்ந்து, நின்று, நீண்ட அசைவுகளோடு உருகுவது.

ஆகவே, எந்நரம்பில் நெடிது நிற்றல், எதனைத் தொட்டு நீங்குதல், எதனை அசைத்தல், எச்சொற்கட்டினை மீட்டும் மீட்டும் வழங்குதல் என்னும் இவையே இராகத்திற்கு உயிராவன. நிரல் உடம்பு, நடை உயிர். உடம்பின்றி உயிரின் தொழில் விளங்காது. உடம்பையே உயிரெனக் கொள்வாரை உலகாயதர் என நம் நூல்கள் மறுக்கும். நிரலையே இராகமெனக் கொள்வாரும் அவரோடு ஒப்பர்.

3. நம் நாட்டுப் பதிகங்கள்

திருஞானசம்பந்தப் பெருமான் அருளிய பதிகங்களுள், அச்சிறுபாக்கத்திற்குரியது குறிஞ்சிப்பண், திருவரசிலிக்குரியது பியந்தைக்காந்தாரம், இரும்பைமாகாளத்திற்குரியது செவ்வழி, திருவக்கரைக்குரியது பஞ்சமம். ஓதுவார் மரபில் இவை முறையே அரிகாம்போதி, நவரோசு, யதுகுலகாம்போதி, ஆகிரி என்னும் இராகங்களில் ஓதப்படுகின்றன.

குறிஞ்சியும் செவ்வழியும் இவ்வழக்கின்படி ஒரே தாயின் சுரங்களையுடையன. ஆயினும் அரிகாம்போதி நேர்நிரலாக ஏறும்; யதுகுலகாம்போதி ஏறுங்காற் காந்தாரத்தையும் நிடாதத்தையும் விட்டு ஏறும். நவரோசு மேற்சட்சத்தை எட்டுவதின்று. கீழ்ப்பஞ்சமத்திற்கும் நடுப்பஞ்சமத்திற்கும் இடையே தாலாட்டுப்போல் உலவுவது. அதனை மேலேற்றிப் பாடுவார் அதனை அழித்தவராவர். ஆகிரி நிரலளவில் அடங்காதது. ஆசிரியர் வாய்க்கேட்டே அறியத்தக்கது. அன்றியும், இக்காலத்துக் குறிஞ்சி என்னும் பெயருடைய இராகம் வேறு. பெயரொப்புமை கண்டு மயங்கற்க.

பஞ்சமம் பகற்பண், குறிஞ்சி இராப்பண், செவ்வழி பொதுப்பண் எனக் காலவரையறையும் மரபில் உண்டு.

4. இழந்ததும் காத்ததும்

இவ்வளவு நுணுகி நோக்குவது எற்றுக்கு எனின், கூறுதும். திருமுறை ஏடுகள் தில்லையிற் கண்டெடுக்கப்பட்ட பின்னரும், அவற்றின் பண்முறை விளங்கவில்லை என்றும், எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த அம்மையார் ஒருவரே அதனை வகுத்தருளினார் என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். எழுத்து ஏட்டில் எஞ்சியது. பண் ஒரு குடியின் மிடற்றில் எஞ்சியது. அம்மிடறும் அவிந்திருப்பின் பண்முறையை மீட்டுத்தர ஏடு ஒன்றற்கும் ஆற்றலிராது. இராசராச சோழன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பிடாரர்களை நியமித்ததும், ஓதுதல் வாழும் வாய்களால் நிலைபெறுவது என்பதனை உணர்ந்தே போலும்.

பின்னாளில் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரமும், விபுலாநந்த அடிகள் 1947இல் அரங்கேற்றிய யாழ்நூலும் பழந்தமிழிசையின் இலக்கணத்தை ஆராய்ந்து வெளிப்படுத்தின. அவை பெருந்துணையே. எனினும் நூல் வழிகாட்டுமன்றி நடந்து காட்டாது.

5. பயில்வார்க்கு

ஆதலின் மாணாக்கர் பதிகத்தைத் தொடங்குமுன் அதற்குரிய பண்ணைச் சிறிதுபொழுது ஆளத்தி செய்து மனத்தில் நிறுத்துக. ஆர்மோனியக் கட்டைகள் நரம்பின் இடத்தைக் காட்டும். ஒரு நரம்பினின்று மற்றொன்றற்கு வழுக்கிச் செல்லும் அசைவைக் காட்டமாட்டா. அதன்மேற் சாய்ந்து பயிலற்க. முதிர்ந்த ஓதுவார் ஒருவர் பக்கலிருந்து ஒரு பண்ணில் ஒரு பதிகத்தையேனும் முற்றக் கேட்டுத் தெளிக. எல்லாப் பதிகங்களையும் தமக்குப் பழகிய ஓர் இராகத்திலே பாடி முடித்தல் எளிது. பெருமான் அருளிய சொல்லுக்கு முன்னோர் இயைத்துத் தந்த இசையைத் துறத்தலுமாம்.

நாதம் சிவதத்துவங்களுள் முதலாயது. அதன் வழியே இறைவனை வழிபடப் புகுவார் செவியைத் தூய்மை செய்துகொள்ளுதல் முதற்கடனாகும்.

திருச்சிற்றம்பலம்.