மீட்டுப் பார்த்த பிறகே அது காப்பு நகல்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூர், எர்ணாவூர் பகுதி வீடுகளுக்குள் வெள்ளத்தோடு எண்ணெய்யும் புகுந்தது. தண்ணீரில் நனைந்த நோட்டை வெயிலில் காயவைக்கலாம். எண்ணெய் ஏறிய தாளை என்ன செய்வது? அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. "கணினியில் வைத்திருந்தால்?" என்று வகுப்பில் கேட்டேன். "கணினியும் நனைஞ்சிடும் மிஸ், டிரைவுல போட்டு வைக்கணும்" என்றான் ஒரு மாணவன். "போட்டதைத் திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறாயா?" என்றேன். பதில் இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியலில், பைத்தான் வழியாக எஸ்கியூலைட் தரவுத்தளம் உருவாக்கும் பாடம் உள்ளது. அதை ஒட்டி இரண்டு பாடவேளைகள் ஒதுக்கினேன். நான்கு குழுக்களும் வகுப்பு நூலகத்தின் 60 புத்தகங்களை ஒவ்வொரு தரவுத்தளத்தில் ஏற்றி, மேகச் சேமிப்பில் நகல் வைத்தன. மறுநாள் மூலக் கோப்புகளை நானே அழித்தேன். ஒரு குழு வைத்த நகலை வேறொரு குழு மீட்க வேண்டும் என்பது விதி. ஒரே ஒரு நகலில்தான் 60 பதிவுகளும் திரும்பி வந்தன.

மற்ற மூன்றும்தான் உண்மையான பாடம். ஒரு குழு கணினிக் கோப்புறையை டிரைவோடு ஒத்திசைத்திருந்தது. நான் இங்கே அழித்ததும் அங்கேயும் அழிந்தது. கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் அது 30 நாள் இருக்கும் என்பது யாருக்கும் தெரியவில்லை. இன்னொரு நகலில் 41 பதிவுகளே இருந்தன. நகலெடுத்த பிறகு சேர்த்த 19 அதில் இல்லை. கடைசிக் குழு கமிட் கொடுப்பதற்கு முன்பே நகலெடுத்துவிட்டது. அட்டவணை இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை!

பிள்ளைகள் சோர்ந்துவிட்டார்கள். அப்போது கிட்லேப் நிறுவனத்தின் கதையைச் சொன்னேன். 2017 ஜனவரி 31 அன்று அதன் பொறியாளர் ஒருவர் துணைச் சேவையகம் என்று எண்ணி முதன்மைத் தரவுத்தளத்தை அழித்தார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. மேகச் சேமிப்பில் காப்பு நகல் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. நகலெடுக்கும் மென்பொருளின் பதிப்பு தரவுத்தளப் பதிப்போடு பொருந்தாமல், அந்த வேலை தோல்வியடைந்துகொண்டே இருந்தது. அதை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த நகல்தான் கைகொடுத்தது. அந்த ஆறு மணி நேரத்துத் தரவு போனது போனதுதான். நடந்ததை நிறுவனமே ஒளிக்காமல் வெளியிட்டது. வகுப்பில் நான் அழுத்திச் சொன்னது இதைத்தான்.

மீட்க ஆகும் நேரத்தையும் கணக்குப் போடச் சொல்லலாம். நொடிக்கு 20 மெகாபிட் வேக இணைப்பில் 10 ஜிபி இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பைட்டை பிட்டாக மாற்ற எட்டால் பெருக்க மறப்பவர்கள் எட்டு நிமிடம் என்பார்கள்.

இதைச் செய்துபார்க்கும் ஆசிரியர்கள் உண்மையான மாணவர் விவரங்களைப் பயன்படுத்த வேண்டாம். புத்தகப் பட்டியலே போதும். எமிஸில் ஏற்றியவை துறையின் பொறுப்பில் இருக்கின்றன. இடைத்தேர்வு மதிப்பெண் கோப்பும் ஆய்வகப் பொருள் பட்டியலும் பல பள்ளிகளில் ஒரே கணினியில், அதுவும் பெரும்பாலும் தரைத்தளத்தில், இருக்கின்றன. டிரைவில் நகல் இருந்தாலும் கடவுச்சொல் ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவருக்கு மாறுதல் வந்தால் நகலும் கூடவே போய்விடும். பாடவேளை முடிந்த அன்று மாலை எங்கள் மதிப்பெண் கோப்பை வேறொரு கணினியில் இறக்கித் திறந்தேன். இரண்டு வாரப் பதிவுகள் அதில் இல்லை.