வீரம் இரவல் கிடைக்குமா?

புலித்தோலைப் போர்த்திக்கொண்டு பயிர் மேயும் பசுவைத் திருவள்ளுவர் ‘கூடாவொழுக்கம்’ என்னும் அதிகாரத்தில் நமக்குக் காட்டுகிறார். தோலைக் கண்டு அஞ்சி யாரும் விரட்டமாட்டார்கள் என்பதே அதன் துணிவு. இன்று புலித்தோலுக்குப் பதிலாக இராணுவச் சீருடையைப் போர்த்தி வருவோரும் உண்டு.

சென்ற ஆண்டு எங்கள் திருவான்மியூரிலேயே அப்படி ஒருவரைக் கண்டோம். மெரூன் நிறத் தொப்பி, முறுக்கு மீசை. தாம் கமாண்டோப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர் என்றார். மாலையில் கடற்கரையில் அவர் சொன்ன போர்க்கதைகளை நாங்கள் வாய் பிளந்து கேட்டோம். எங்கள் தோழி ஒருத்தியின் அண்ணனுக்கு இராணுவத்தில் வேலை வாங்கித் தருவதாகக் கூறி, முன்பணமாகப் பத்தாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டார். அது அவள் அம்மாவின் வளையலை அடகு வைத்துக் கொடுத்த பணம்.

மீதிப் பணம் கேட்டு அவர் வந்த அன்று, தோழியின் தாத்தா ஊரிலிருந்து வந்திருந்தார். மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்தவர் அவர். “தம்பி, எந்த யூனிட்? உங்க டிஸ்சார்ஜ் புக்கைக் கொஞ்சம் காட்டுங்களேன்” என்று மட்டும் கேட்டார். எடுத்து வருவதாகச் சொல்லிப் போனவர் திரும்பவே இல்லை. பணமும் திரும்பவில்லை.

இது பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? படைவீரர் அல்லாத ஒருவர், வீரர் என்று பிறர் நம்பவேண்டும் என்ற நோக்கத்தோடு சீருடையோ சின்னமோ அணிந்தால் அது குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டம் 140-ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆம் பிரிவில் அபராதம் 2,000 ரூபாய் வரை உயர்ந்துள்ளது. ஏமாற்றிப் பணம் பறித்தால் ஏழாண்டு வரை சிறை உண்டு.

விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு மத்திய அரசு 1972-இல் ஓய்வூதியத் திட்டம் தொடங்கியது. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தினரும் அதற்கு உரியவர்கள். ஆனால் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் பலர் போலிச் சான்றுகளால் ஓய்வூதியம் பெற்றதாக எழுந்த வழக்கு, 2005-இல் உச்சநீதிமன்றம் வரை சென்றது. அமெரிக்காவிலோ, பதக்கம் பெற்றதாக வெறுமனே பொய் சொல்வதைத் தண்டித்த சட்டத்தை அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2012-இல் நீக்கியது. அப்பொய்யால் பணமோ பயனோ பெற முயல்வோரைத் தண்டிக்கும் புதிய சட்டம் 2013-இல் வந்தது.

உண்மை வீரரைக் காண நாம் வெகுதூரம் செல்லவேண்டாம். பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பயின்ற மேஜர் முகுந்த் வரதராஜன், 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியான் மாவட்டத்தில் பயங்கரவாதிகளுடன் போரிட்டு 31 வயதில் உயிர் நீத்தார். அவருக்கு இறுதி மரியாதை நடந்தது நம் பக்கத்துப் பெசன்ட் நகரில்தான். மறைவுக்குப் பின் அசோக சக்கரம் வழங்கப்பட்டது.

ஆகவே நாம் அறியவேண்டியவை: இராணுவத்தில் சேர எவருக்கும் பணம் தரவேண்டியதில்லை. ஓய்வுபெற்ற வீரரிடம் பணிவிடுப்புப் புத்தகமும் முன்னாள் படைவீரர் அடையாள அட்டையும் இருக்கும். ஐயம் வந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். கேட்பது அவமதிப்பு ஆகாது. மெய்யான வீரர் அதற்காகக் கோபிக்கமாட்டார்.

இத்தனை நாள் தாத்தா தம் சேவையைப் பற்றி ஏன் ஒன்றும் சொன்னதில்லை என்று கேட்டோம். “என்னோட போனவங்க சில பேரு திரும்பி வரலை, கண்ணு. அதைப் போய்க் கதையாவா சொல்றது?” என்றார். நாங்கள் எழுந்து நின்று அவரை வணங்கினோம்.